அன்னாசி லேபலின் பின்பக்கம்

பதின்மூன்று வயதில் நாம் சேர்ந்து படித்த புகுமுக வகுப்பின் வாட்சாப் குழுவில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். குரல் பதிவாக அனுப்பிப் பார்த்தேன். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் அழித்துவிட்டேன். எழுத்தில்தான் எனக்குப் பொய் சொல்ல வராது. வாயால் சொல்வதில் நான் மோசக்காரி. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

போன மாதம் உங்களில் ஒருவர் நம் ஊர் பெக்கான் நானாஸுக்குப் போனபோது நம் பழைய வாசகசாலை இருந்த இடத்தைப் படமெடுத்துப் போட்டார். இப்போது அங்கே கைப்பேசிக் கடை. படத்துக்குக் கீழே, "நம்ம மைனரு ஆட்சி பண்ண கோட்டை" என்று எழுதியிருந்தார். ஆளுக்கொரு சிரிப்பு முகம் போட்டீர்கள். "சின்னப் பிள்ளைய லெட்டர் எழுத வச்ச ஆளு லா அவன்" என்று இன்னொருவர். எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருவர் கேட்க, அது கடைசி வரைக்கும் வெளியே வரவே இல்லை என்று மற்றொருவர் பதில் சொன்னார். நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். போய்ப் பாருங்கள், இன்னும் அங்கேயே இருக்கும்.

அந்தப் பிள்ளை நான்தான்.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது ஏன் திறக்கிறாள் என்று கேட்பீர்கள். பெர்மாஸ் ஜெயாவில் தம்பி வீட்டில்தானே இருக்கிறேன். தம்பியின் பேத்திக்குப் பதினேழு வயது. மூன்று மாதமாக அவள் அறைக்குள் ஒரு கூத்து நடக்கிறது. வெள்ளைத் தாளைத் தேத்தண்ணீரில் நனைத்து, காயவைத்து, பழைய தாளாக்குகிறாள். சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி மெழுகுவத்தி ஏற்றுகிறாள். ஏர்கோனைப் பதினாறில் வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நாட்குறிப்பு எழுதுகிறாள். ஜொகூர் வெயிலில் கம்பளிச் சட்டை போட்ட முதல் ஆள் எங்கள் வம்சத்தில் அவளாகத்தான் இருக்கவேண்டும்.

"என்னாடி இது, எழவு வீடு மாதிரி?" என்று கேட்டேன்.

"அத்தப்பாட்டி, இது டார்க் அக்காடெமியா. பழைய லைப்ரரி, மழை, சோகம், நெறைய படிச்சவங்க மாதிரி ஒரு மூட். ஒங்களுக்குப் புரியாது லா."

எனக்குப் புரியாதாம்.

என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு இணையத்தில் யோசனைப் பட்டியல் வருகிறதாம். அதைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தாள். மூடிக்கிடக்கும் நூலகம் ஒன்றின் மணத்தை எழுதுக. நீ இறந்து நூறாண்டு கழித்து உன் நாட்குறிப்பைக் கண்டெடுப்பவருக்கு ஒரு பக்கம் எழுதுக. யாரிடமும் சொல்லாத ஒரு குற்றத்தை எழுதுக. இப்படி முப்பது. மூன்றாவதைத் தமிழில் எழுதும்போது என் கை நின்றுவிட்டது. "என்ன பாட்டி, வேர்ட் கெடைக்கலயா?" என்றாள். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாசகசாலையின் மணம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அது முன்பு அன்னாசி பேக்டரிக்காரர்கள் டின்னில் ஒட்டும் லேபல்களை அடுக்கிவைத்த ஸ்டோர். பேக்டரிக்காரர்கள் புதுக் கட்டடத்துக்குப் போனதும் கோயில் கமிட்டி அதைக் கேட்டு வாங்கி வாசகசாலை ஆக்கியது. மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்துருண்டை, ஈரச் சுவர், மைதாப் பசை, எல்லாவற்றுக்கும் மேலே பேக்டரியிலிருந்து வரும் வெந்த அன்னாசி வாடை. ஒரே ஒரு குண்டு பல்பு. பேத்தி பணம் கொட்டி உண்டாக்குகிற இருட்டு எங்களுக்குச் சும்மா கிடைத்தது.

அதைப் பார்த்துக்கொண்டவர்தான் வாசகசாலை அண்ணன். பாய்லர்காரர் மகன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கும். சிமெந்துப் பை தாளைக் கிழித்து எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டு, முதுகில் தன் குண்டு எழுத்தில் பெயர் எழுதிவைப்பார். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். என் அம்மா அன்னாசி சீவும் பகுதியில் வேலை. நான் அவளுக்குப் பசியாற ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நேராக அங்கே வருவேன். கையெல்லாம் பிசுபிசுப்பு. அவர் தலையை நிமிர்த்தாமலே, "கை கழுவிட்டு வா" என்பார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினால் பாதிக்கு மேல் இந்த மூன்று சொல்தான் இருக்கும்.

ஒரு நாள் மூலையில் கிடந்த கட்டு ஒன்றைக் காட்டினார். சிவப்பு மை வழிந்து பாழாகிப்போன லேபல்கள். முன்பக்கம் கோணலாக நிற்கும் அன்னாசிப்பழம். பின்பக்கம் சுத்த வெள்ளை. "எலி கடிச்சி வீணாப் போவுது. கணக்குப் போட வேணும்னா எடுத்துக்க" என்றார். நான் வாரிக்கொண்டு போய்க் கோணி ஊசியால் தைத்தேன். நீளவாக்கில் ஒரு புத்தகம் ஆயிற்று.

அதில் நான் கணக்குப் போடவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. அலமாரிப் புத்தகங்களில் வருகிற, மாடி அறையில் தனியாக உட்கார்ந்து இருமிக்கொண்டே எழுதும் மேதைகள் எல்லோரும் நானாக இருந்தேன். தொழிலாளர் லயத்து வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே அறை. நானோ, "என் நூலகத்தின் சன்னலருகே இன்றும் மழை" என்று எழுதினேன். "மெழுகுவத்தி உருகுகிறது. என் நாள்களும் அப்படியே" என்று எழுதினேன். படிக்கப்போகிறவர் யாரோ, எப்போதோ, எங்கேயோ ஒருவர். அவரைப் பார்த்து, "நீங்கள் இதைப் படிக்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். ஆனால் உங்களுக்காகக் காத்திருந்தேன் என்பதை மறக்கவேண்டாம்" என்று எழுதிய அன்று எனக்கே அழுகை வந்துவிட்டது. எவ்வளவு இன்பமான அழுகை தெரியுமா.

எறும்பு காட்டிக்கொடுத்தது. லேபலில் தடவியிருந்த பசையோ, என் கையிலிருந்த அன்னாசிச் சாறோ, எறும்புக்கு அது விருந்து. ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா அரிசி டின்னுக்கு எறும்பு வருகிறதென்று அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே போய், துணிப்பெட்டிக்குப் பின்னாலிருந்து என் புத்தகத்தை இழுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா வேலை முடிந்து வந்ததும் கையில் கொடுத்தாள்.

இங்கேதான் நீங்கள் என் அப்பாவைப் புரிந்துகொள்ளவேண்டும். எனக்கே இப்போதுதான் புரிகிறது. எங்கள் வீட்டில் எழுத்து என்றால் மூன்றே வகை. ஊரிலிருந்து வருகிற கடிதம், கருமாதிப் பத்திரிகை, பேக்டரி நோட்டீசு. மூன்றும் யாரோ யாருக்கோ அனுப்புவது. யாருக்கும் அனுப்பாமல் ஒருத்தி உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவாள் என்பது அவர் கண்டும் கேட்டும் இராத சங்கதி. தேதி போட்டிருக்கிறது, யாரையோ கூப்பிட்டு எழுதியிருக்கிறது, காத்திருக்கிறேன் என்கிறது, இங்கே இருக்கமாட்டேன் என்கிறது. ஒரு தகப்பன் வேறு என்ன நினைப்பான்? மகள் எவனோடோ ஓடப்போகிறாள். தேதி கூட வைத்துவிட்டாள்.

"யாருக்கு எழுதின?"

"யாருக்கும் இல்லப்பா. சும்மா எழுதினேன்."

"சும்மா எழுதறதுக்கு நீ என்ன பைத்தியமா?"

புதன்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வியாழனும் இல்லை. பொந்தியான் பள்ளிப் பேருந்து வாசலில் நின்று ஆரன் அடித்துவிட்டுப் போனதை அறைக்குள்ளிருந்து கேட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தானே விடுமுறை; ஞாயிற்றுக்கிழமை காலை நமக்கு ஆண்டிறுதிப் பரீட்சை ஆரம்பம். அதை எழுதாதவர்களுக்கு அடுத்த வருடம் பாரம் ஒன்று வகுப்பில் இடம் கிடையாது. வாத்தியார் எத்தனை முறை சொன்னார், மறந்திருக்கமாட்டீர்கள்.

வியாழன் மாலை அம்மா வேலையிலிருந்து வரும்போது ஒரு சோடி ரப்பர் கையுறை கொண்டுவந்தாள். சின்ன அளவு. என் பக்கத்தில் வைத்தாள். அன்னாசிச் சாறு வெறுங்கையைத் தின்றுவிடும். அம்மாவின் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. கையுறையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. திங்கள்கிழமையிலிருந்து நானும் அவளோடு சீவப் போகவேண்டும், அவ்வளவுதான், முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மாமாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் அண்ணன், கோயில் கமிட்டித் தலைவர். மேடைப் பேச்சுக்காரர். என் எழுத்தை முதன்முதலில் வாய்விட்டுப் படித்தவர் அவர்தான். மெழுகுவத்தி, மழை, மரணம் எல்லாவற்றையும் மைக் முன்னால் நிற்பதுபோலப் படித்தார். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. நிசமாகவே. எழுதியதுபோல இல்லை, அதில் இன்பம் ஒன்றும் இல்லை.

"நீங்கள் இதைப் படிக்கும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். இப்படி எழுதியிருக்கியே, எங்க போறதா உத்தேசம்?"

"அது கதையில வர்ற மாதிரி, மாமா."

"எந்தக் கதை? அந்தப் புக்க காட்டு."

"புக்குல இல்ல. நானா எழுதினது."

"அதான நானும் கேக்கறேன். நீயா எழுதினது யாருக்கு?"

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பாவி, எவ்வளவு நம்பிக்கையோடு செய்தேன். "இப்ப ஒங்க முன்னாலயே எழுதறேன், பாருங்க. யாரும் இல்லாமலே எனக்கு வரும்" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து ஒரு லேபலைத் திருப்பிப் போட்டு எழுதினேன். நிற்காமல் ஒரு பக்கம் எழுதினேன். மழை, சன்னல், பிரிவு. நல்லாத்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாமா தாளை வாங்கி அப்பாவிடம் நீட்டினார்.

"பாத்தீங்களா மச்சான், கை எப்படிப் பழகிப் போயிருக்கு."

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "யாருன்னு சொல்லிரு. ஒன்ன ஒண்ணும் செய்யமாட்டேன். சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்குப் போலாம். சாமி சத்தியம்."

அம்மா என்னைச் சமையல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "ஒரு பேர சொல்லித் தொலையேண்டி. இல்லன்னு சொல்லச் சொல்லத்தான் அவருக்குப் பயம் கூடுது. எவனாச்சும் ஒருத்தன்னு தெரிஞ்சிட்டா மனசு அடங்கிரும்." அவள் என்னை நம்பினாளா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பேர் வேண்டும், அதுதான் அவளுக்கு.

அடுப்புக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் பதறிப்போய் உளறினேன் என்று என் மேல் இரக்கப்பட்டுவிடுவீர்கள். நான் பதறவில்லை. பரீட்சையில் கணக்குப் போடுகிற மாதிரி நிதானமாக யோசித்தேன். நம் வகுப்புப் பையன் ஒருவன் பேரைச் சொன்னால் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டார்கள். வாத்தியார் பேரைச் சொன்னாலும் அப்படியே. பேருந்து ஓட்டுபவர் பேரைச் சொன்னால் பேருந்து போய்விடும். பள்ளிக்கூடத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆம்பிளை எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் போனால் எனக்கு வாசகசாலை மட்டும்தான் போகும்.

வெளியே வந்து, "வாசகசாலை அண்ணன்" என்றேன்.

மாமா தொடையில் ஓங்கித் தட்டினார். "நெனச்சேன். பேப்பரு எல்லாம் லேபல் ஸ்டோருதுதான."

சாயங்காலம் மாமாவும் கமிட்டிக்காரர்கள் இருவரும் போனார்கள். அப்பாவும் கூடப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்களாம். நடந்ததை அப்பா அம்மாவிடம் சொல்லும்போது நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன். முதலில் வாசகசாலை அண்ணன் எதுவும் விளங்காமல் முழித்திருக்கிறார். மாமா என் புத்தகத்தை அவர் முகத்தில் எறிந்திருக்கிறார். கண்ணாடி கீழே விழுந்து உடைந்திருக்கிறது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "அந்தப் பிள்ளைய கூட்டிக்கிட்டு வந்து என் முன்னால கேளுங்க. அது பொய் சொல்லாது."

அப்பா மறுத்துவிட்டார். பொம்பளைப் பிள்ளையை நாலு ஆம்பிளை நடுவில் நிறுத்த முடியாது, அவள் பேரே இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்றாராம். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தார் அப்பா. கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. சொல்லியிருக்கமாட்டேன்.

அப்பா கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஞாயிறு காலை அவரே என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பரீட்சை எழுதினேன். மலாய்த் தாளில் கட்டுரைக்கு, 'மழை நாள்' என்று ஒரு தலைப்பு. வேறு தலைப்புகளும் இருந்தன. நான் மழை நாளைத்தான் எழுதினேன், வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள்.

அந்த வாரமே பேருந்தில் உங்கள் பேச்சு ஆரம்பித்தது. வாசகசாலைக்குப் பூட்டு. மைனர் மாட்டிக்கொண்டார். யாரோ ஒரு பிள்ளையாம். யார் யார் என்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிப் பார்த்தீர்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "இவளா? இவ புக்க தவுர எதையும் பாக்கமாட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பாய்லர்காரர் குடும்பம் மாதக் கடைசியில் தம்போய்க்குக் குடிபெயர்ந்தது. லோரியில் சாமான் ஏற்றும்போது அக்கம்பக்கத்தில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவருக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் வீட்டில் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அம்மா சொல்லக் கேட்டேன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசகசாலையை யாரும் மறுபடி திறக்கவில்லை. கரையான் தின்றது போக மிஞ்சியதை எரித்தார்கள். அந்தக் கையுறையை அம்மா தானே போட்டுக்கொண்டு போனாள். அது அவளுக்குச் சின்னது, இரண்டே நாளில் கிழிந்தது.

நான் பாரம் ஐந்து வரை படித்தேன். ஜொகூர் பாருவில் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை, அப்புறம் பெரிய கிராணி, பென்சன். அம்மாவுக்கு நல்ல வீடு கட்டிக்கொடுத்தேன். தம்பியைப் படிக்கவைத்தேன். எல்லாம் அந்த ஒரு சொல்லில் கிடைத்தது. அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வரி நான் எழுதியதில்லை. இதுதான் முதல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் சொன்ன அத்தனையும் வீண்.

எனக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும்போது, ஒரு மத்தியானம் லார்க்கின் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் என்னையே பார்த்தார். தலை நரைத்திருந்தது, பட்டறைக்காரர்கள் போடும் நீலச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது.

"தங்கச்சி, நீ பெக்கான் நானாஸ்தான? படிச்சி முடிச்சிட்டியாம்மா? நல்லா இருக்கியா?"

அதில் கோபம் இல்லை. துளிகூட இல்லை. தெரிந்த பிள்ளையைப் பார்த்த சந்தோசம்தான் இருந்தது. இருபத்தைந்து வருடமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்த சொற்கள் எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. அண்ணன், என்னை மன்னிச்சிருங்க என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பக்கத்தில் என் ஆபீஸ் தோழி இருந்தாள். யார் இவர் என்பதுபோலப் பார்த்தாள்.

"இல்லீங்க. நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுக் கேக்கறீங்க" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறிப்போயிற்று. பயந்துவிட்டார். "மன்னிச்சிக்கம்மா, கண்ணு சரியாத் தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க" என்று எழுந்தார். ஒரு பொம்பளையிடம் வலியப் போய்ப் பேசியதை யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய், என் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். என் பேருந்து வரும் வரைக்கும் அவர் திரும்பவே இல்லை.